எதிர் மாறல்: எது மாறுகிறது என்பதைவிட எது மாறாமல் இருக்கிறது

எதிர் மாறல் என்றால் என்ன என்று கேட்டால், பள்ளியில் கணக்குப் படித்த பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை, "ஒன்று கூடினால் மற்றொன்று குறையும்" என்பது. இந்த விடை பொய்யல்ல. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடப் புகுந்தால் பாதிக் கணக்குகள் தவறிவிடும். ஏனெனில் ஒன்று கூட மற்றொன்று குறையும் உறவுகள் உலகில் ஏராளமாக இருக்கின்றன, அவற்றுள் ஒரு பகுதிதான் எதிர் மாறல்.

24 செ.மீ. உயரமுள்ள மெழுகுவத்தி ஒன்று மணிக்கு 2 செ.மீ. வீதம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் கூடக்கூட உயரம் குறைகிறது. 3 மணி நேரத்தில் மிஞ்சுவது 18 செ.மீ.; 6 மணி நேரத்தில் மிஞ்சுவது 12 செ.மீ. நேரம் இரண்டு மடங்கானபோது உயரம் பாதியாகவில்லை. 18இல் பாதி 9 அல்லவா? இங்கே மாறாமல் இருப்பது ஒரு கூட்டுத்தொகை: எரிந்த உயரமும் மிஞ்சிய உயரமும் சேர்ந்து எப்போதும் 24. ஒரு நாளில் தூங்கும் நேரமும் விழித்திருக்கும் நேரமும் இப்படித்தான். ஒன்று கூடினால் மற்றது குறைந்தே ஆக வேண்டும், ஆனாலும் அது எதிர் மாறல் ஆகாது. எதிர் மாறல் என்ற பெயருக்கு உரியது, இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் மாறாமல் நிற்கும் உறவு மட்டுமே. எக்ஸ், ஒய் என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி, ஒன்றை இரண்டு மடங்காக்கினால் மற்றது பாதியாக வேண்டும், மூன்று மடங்காக்கினால் மூன்றில் ஒன்றாக வேண்டும். கூடுவது குறைவது என்ற திசையை விட்டுவிட்டு, இந்த மடங்கைப் பார்ப்பதுதான் சோதனை.

மடங்கு சரியாக வருகிறதா என்று எண்களை வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட ஆழமான வழி, பெருக்கி வரும் அந்த மாறிலி எதைக் குறிக்கிறது என்று கேட்பது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது தொலைவு. ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு நாம் வேகமாகப் போவதால் மாறப்போவதில்லை என்பதால் அங்கே எதிர் மாறல் இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கையை நாட்களால் பெருக்கினால் கிடைப்பது வேலையின் அளவு. ஒரு கிலோவின் விலையை எத்தனை கிலோ என்பதால் பெருக்கினால் கிடைப்பது கையிலிருக்கும் பணம். மாறிலிக்கு இப்படி ஒரு பெயரும் ஓர் அலகும் சொல்ல முடிந்தால், எதிர் மாறலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று பொருள். சொல்ல முடியாவிட்டால், எண்கள் ஒத்துவந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் மேலே போக வேண்டும்.

பழைய வால்வு ரேடியோப் பெட்டியின் அலைவரிசைத் தட்டில் இந்த மாறிலி ஒளிந்திருப்பதைக் காணலாம். அத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஒரே நிலையத்துக்கு மீட்டரில் ஒரு கணக்கும் கிலோஹெர்ட்ஸில் ஒரு கணக்கும் அச்சிட்டிருக்கும். ஒரு வரிசை இடமிருந்து வலமாக ஏறினால் மற்றது அதே திசையில் இறங்கும். சென்னை வானொலியின் முதல் அலைவரிசை மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் ஏறக்குறைய 416.7 மீட்டர். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 320.5 மீட்டர். இரண்டு நிலையங்களுக்கும் இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தால் வருவது ஏறத்தாழ 3,00,000. வானொலி அலை ஒரு வினாடியில் ஓடும் கிலோமீட்டர் தொலைவு அது, அதாவது ஒளியின் வேகம். நிலையத்துக்கு நிலையம் அலைநீளம் மாறலாம், அதிர்வெண் மாறலாம். ஒளியின் வேகத்தில் எந்த நிலையமும் கைவைக்க முடியாது.

மாறிலிக்குப் பெயர் சொல்ல முடிகிறதா என்ற இந்தச் சோதனையை ஒரு பழைய நூலின் மீது வைத்துப் பார்ப்பது சுவையானது. 1150ஆம் ஆண்டளவில் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில், மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் முறைக்குப் பின்னாலேயே அதன் தலைகீழ் முறையும் வருகிறது. கேட்கப்படும் அளவு கூடும்போது பலன் குறைந்தாலும், அது குறையும்போது பலன் கூடினாலும், தலைகீழ் முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே தரப்படும் விதி. நம் வகுப்பறை விடையும் ஏறத்தாழ இதுவேதான். விதிக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். 7 ஆடகம் (தானியத்தை அளக்கும் பழைய அலகு) கொள்ளும் அளவையால் ஒரு தானியக் குவியலை அளந்தபோது 100 அளவை வந்தது. 5 ஆடகம் கொள்ளும் அளவையால் அளந்தால் எத்தனை வரும்? குவியல் 700 ஆடகம், ஆகவே விடை 140. மாறிலி கண்முன்னே குவிந்து கிடக்கிறது. இரண்டாவது தங்கத்தின் மாற்றை, அதாவது அதன் தூய்மை அளவைப் பற்றியது: குறிப்பிட்ட காசுக்குப் பத்து மாற்றுப் பொன் இவ்வளவு கிடைக்கும் என்றால் பதினைந்து மாற்றுப் பொன் எவ்வளவு கிடைக்கும்? அதில் மூன்றில் இரண்டு பங்கு. இங்கே மாறாதது பொன்னுக்குள் இருக்கும் சொக்கத் தங்கம். இன்றைய நகைக் கடைக் கணக்கும் இதுவேதான்: 22 காரட்டில் 9 கிராம் நகையில் எவ்வளவு சொக்கத் தங்கம் இருக்கிறதோ, அதே அளவு 18 காரட்டில் 11 கிராம் நகையில் இருக்கிறது, 22 ஒன்பது 198, 18 பதினொன்றும் 198. அதை 24ஆல் வகுத்தால் 8.25 கிராம். செய்கூலியும் சேதாரமும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை.

மூன்றாவது எடுத்துக்காட்டில்தான் சிக்கல். இரண்டு ஆண்டுகள் நுகத்தில் உழைத்த மாட்டின் விலை 4 நிஷ்கம் (பழைய நாணயம்) என்றால், ஆறு ஆண்டுகள் உழைத்த மாட்டின் விலை என்ன? தலைகீழ் முறைப்படி 2ஐ 4ஆல் பெருக்கி 6ஆல் வகுக்க, விடை ஒன்றும் மூன்றில் ஒன்றும். உழைத்த ஆண்டுகள் கூடினால் மாட்டின் விலை குறைவது உண்மைதான். ஆனால் ஆண்டையும் நிஷ்கத்தையும் பெருக்கி வரும் 8 எதைக் குறிக்கிறது? எதையும் குறிக்கவில்லை. இதே உறவைப் பின்னோக்கி இழுத்துப் போனால், ஓர் ஆண்டு உழைத்த மாடு 8 நிஷ்கம், ஆறு மாதம் உழைத்தது 16, ஒரே ஒரு மாதம் உழைத்தது 96. அன்றைக்குத்தான் நுகத்தில் பூட்டிய மாட்டுக்கு விலையே சொல்ல முடியாது. எந்தச் சந்தையிலும் இப்படி விலை ஏறாது. கணக்குப் பயிற்சிக்காக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் என்று கொண்டால் பாஸ்கரர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் தானியக் குவியலும் மாட்டு விலையும் ஒரே விதியின் கீழ் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது, கூடுதல் குறைதல் என்ற அடையாளம் எவ்வளவு தளர்வானது என்பதைக் காட்டிவிடுகிறது.

மாறிலி எது என்று தெரிந்தபின் அடுத்துக் கவனிக்க வேண்டியது உறவின் வடிவம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியாகச் சுமார் 330 கி.மீ. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 8 மணி 15 நிமிடம் ஆகும், 60 கி.மீ. வேகத்தில் 5 மணி 30 நிமிடம். வேகத்தை 20 கூட்டியதில் 2 மணி 45 நிமிடம் மிச்சம். இப்போது 80இலிருந்து 100க்குப் போவோம். அதே 20தான் கூடுகிறது. ஆனால் நேரம் ஏறத்தாழ 4 மணி 8 நிமிடத்திலிருந்து 3 மணி 18 நிமிடத்துக்கு இறங்குகிறது. மிச்சம் சுமார் 50 நிமிடம். வேகம் ஏற ஏற, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தரும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. சரியாகச் சொன்னால் அது வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் சுருங்குகிறது: 40இல் ஓடும்போது மணிக்கு ஒரு கி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 12 நிமிடம் கிடைக்கும், 80இல் ஓடும்போது அதில் கால் பங்காகிய 3 நிமிடம்தான். மறுபுறம், மோதினால் வண்டி சுமந்துவரும் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு நேராக ஏறுகிறது. 80க்கும் 100க்கும் இடையில் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஊர் போய்ச் சேரும் அவசரத்தில் கடைசி இருபதை முறுக்குபவர் வாங்குவது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு என்பதை இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து சொல்லிவிடும்.

இந்த வளைவைத் தாளில் வரைந்தால் அதிபரவளையத்தின் ஒரு கிளை கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்கு வரும் வரைபட வினாவில் இதை வரைந்தவர்கள் நிறையப் பேர். வளைவின் மேல் எந்தப் புள்ளியை எடுத்து அதிலிருந்து இரண்டு அச்சுகளுக்கும் செங்குத்துக் கோடு இறக்கினாலும், உருவாகும் செவ்வகத்தின் பரப்பு ஒன்றுதான். அந்தப் பரப்புதான் மாறிலி. புள்ளியை வலப்புறம் நகர்த்தினால் செவ்வகம் அகன்று தாழும், இடப்புறம் நகர்த்தினால் ஒடுங்கி உயரும், பரப்பு மட்டும் அசையாது. பரப்பு பூச்சியம் ஆகாதவரை செவ்வகத்தின் எந்தப் பக்கமும் பூச்சியம் ஆக முடியாது என்பதால் வளைவு எந்த அச்சையும் தொடுவதில்லை. மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, குறித்த புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்க்கோடுகளால் இணைப்பது. பெருக்கற்பலன் 120 என்று இருக்கும் உறவில் (10, 12), (20, 6) என்ற இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து 15க்கு நேராகப் படித்தால் 9 என்று வரும். உண்மையான விடை 8. வளைவு எப்போதும் அந்த நேர்க்கோட்டுக்குக் கீழேதான் தொங்கும், ஆகவே நேர்க்கோட்டில் படிக்கும் விடை எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சராசரியில் விழும் தவறும் இதே வளைவிலிருந்து பிறப்பதுதான். திருச்சிக்குப் போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. என்றால் மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் 50 அன்று, 48. போக 8 மணி 15 நிமிடம், வர 5 மணி 30 நிமிடம், மொத்தம் 13 மணி 45 நிமிடத்தில் 660 கி.மீ. என்று வகுத்துப் பார்த்தால் தெரியும். மெதுவான வேகத்தில் வண்டி அதிக நேரம் ஓடுவதால் சராசரியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எரிபொருள் மைலேஜிலும் இதே கதை. லிட்டருக்கு 4 கி.மீ. தரும் லாரி 5 கி.மீ. தரும்படி சீரானால் மாதம் 3,000 கி.மீ. ஓட்டத்தில் டீசல் 750 லிட்டரிலிருந்து 600 லிட்டராகும், மிச்சம் 150 லிட்டர். லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக் 60 தரும்படி ஆனால் அதே ஓட்டத்தில் மிச்சம் 10 லிட்டர். மைலேஜ் எண்ணில் பத்து கூடியது பெரிதாகவும் ஒன்று கூடியது சிறிதாகவும் தோன்றும். பெட்ரோல் பங்கில் காட்சி தலைகீழாக இருக்கும்.

பாடப்புத்தகங்கள் அதிகம் விரும்பும் கணக்கு ஆட்களும் நாட்களும்தான், அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மாறிலி நடுவழியில் மாறிவிடக்கூடும். ஒரு விடுதியில் 120 மாணவர்களுக்கு 30 நாளைக்குப் போதுமான அரிசி இருக்கிறது. 5 நாள் கழித்து மேலும் 30 பேர் வந்து சேர்கிறார்கள். மீதி அரிசி எத்தனை நாள் வரும்? 120ஐ 30ஆல் பெருக்கி 150ஆல் வகுத்து 24 என்று எழுதுவது வழக்கமான தவறு. அந்த 3,600 ஆள்-நாள் அரிசி முதல் நாளின் இருப்பு. ஐந்து நாளில் 600 ஆள்-நாள் தீர்ந்துவிட்டது. மிஞ்சிய 3,000ஐ 150 பேர் உண்டால் 20 நாள். மாறிலிக்கு அரிசி என்று பெயர் வைத்துப் பார்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

இரண்டாவது, வேலையைப் பங்கு போட முடியும் என்ற அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது. 12 கொத்தனார்கள் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 15 நாளில் 60 மீட்டர் காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிறார்கள். 10 கொத்தனார்கள் நாளைக்கு 9 மணி நேரம் உழைத்து 90 மீட்டர் எழுப்ப எத்தனை நாள் ஆகும்? இத்தகைய கூட்டுக் கணக்குகளில் எது நேர், எது எதிர் என்று அம்புக்குறி போட்டுக் குழம்புவதைவிட, ஒரு மீட்டருக்கு எவ்வளவு உழைப்பு என்று பார்ப்பது எளிது. 12, 8, 15 மூன்றையும் பெருக்கினால் 1,440 ஆள்-மணி. 60 மீட்டருக்கு 1,440 என்றால் மீட்டருக்கு 24. 90 மீட்டருக்கு 2,160 ஆள்-மணி. ஒரு நாளைக்குக் கிடைப்பது 90 ஆள்-மணி. ஆக 24 நாள். கணக்கு சரி. ஆனால் இதையே நீட்டி, 2,160 கொத்தனார்களை நிறுத்தினால் ஒரே மணி நேரத்தில் சுவர் எழும்பிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. 90 மீட்டர் சுவரில் மீட்டருக்கு 24 பேர் நிற்க இடம் ஏது? சிமென்ட் இறுகுவதற்கு அதற்கென்று உள்ள நாள் வேண்டும். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிக்கிறார்கள், ஆட்களைக் கூட்டி அந்த 28ஐ 14 ஆக்க முடியாது. வேலையின் எந்தப் பகுதி ஆட்களால் பங்குபோடப்படுகிறதோ அந்தப் பகுதிக்கு மட்டுமே எதிர் மாறல் பொருந்தும். ஐந்து ஆடுமாடுகள் மேய்வதற்குப் பொருந்துவது, ஐந்து பேர் ஒரே பாட்டைப் பாடி முடிப்பதற்குப் பொருந்தாது.

கணக்குப் புத்தகத்தை விட்டு இயற்கைக்கு வந்தால், எதிர் மாறல் அளந்து கண்டுபிடிக்கப்பட்ட முதன்மையான இடம் காற்றின் அழுத்தம். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட அட்டவணையை இன்றும் யாரும் சரிபார்க்கலாம். ஆங்கில எழுத்து ‘ஜே’ வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயின் குட்டைக் கையை மூடிவிட்டு, நீண்ட கையின் வழியாகப் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். மூடிய கையில் சிக்கிய காற்று சுருங்கச் சுருங்க, அதன் நீளத்தையும் அதை அழுத்தும் பாதரச உயரத்தையும் குறித்தார். வெளிக்காற்றின் அழுத்தமாகிய 29⅛ அங்குலத்தையும் சேர்த்துத்தான் மொத்த அழுத்தம். காற்றின் நீளம் 48 கோடுகளாக இருந்தபோது அழுத்தம் 29⅛, பெருக்கினால் 1,398. நீளம் 36 ஆனபோது அழுத்தம் 39 அங்குலமும் பதினாறில் ஐந்தும். பெருக்கினால் ஏறக்குறைய 1,415. நீளம் 24 ஆகப் பாதியானபோது அழுத்தம் 58 அங்குலமும் பதினாறில் பதின்மூன்றும், பெருக்கினால் 1,411.5. நீளம் 12 ஆகக் கால் பங்கானபோது அழுத்தம் 117 அங்குலமும் பதினாறில் ஒன்பதும். பெருக்கினால் ஏறக்குறைய 1,411. இந்தக் கடைசி அளவுக்கு நீண்ட கையில் பாதரசம் 7 அடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தது. குழாயின் நீளம் காரணமாகச் சோதனையை மாடிப்படியில் வைத்து நடத்த வேண்டியதாயிற்று.

பெருக்கற்பலன்கள் ஒன்றுக்கொன்று துல்லியமாகச் சமமாக இல்லை. 1,398க்கும் 1,415க்கும் இடையே சுமார் ஒன்றேகால் சதவீத வேறுபாடு இருக்கிறது. கைமுறையாக ஊதிய குழாய் சீராக இராது, காகிதத்தில் கோடிட்டு ஒட்டிய அளவுகோல் பிசகும். பாயில் தம் அட்டவணையில் இன்னொரு பத்தியையும் சேர்த்திருந்தார்: எதிர் விகிதம் சரி என்றால் அழுத்தம் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பது. அளந்ததும் கணித்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு இது எதிர் மாறலா என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது: ஒவ்வொரு சோடியையும் பெருக்கு, பெருக்கற்பலன்கள் ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகின்றனவா, அல்லது ஓர் எண்ணைச் சுற்றி இங்குமங்கும் சிதறுகின்றனவா என்று பார். சிதறினால் அளவீட்டுப் பிழை. ஒரே திசையில் நகர்ந்தால் உறவே வேறு.

அப்படி நகரும் ஓர் உறவு சைக்கிள் பம்பிலேயே இருக்கிறது. பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அழுத்தினால் அடிப்பாகம் சுடும். காற்றின் அழுத்தமும் கன அளவும் எதிர் மாறலில் இருக்கும் என்ற பாயிலின் விதி வெப்பநிலை மாறாதபோது மட்டும் செல்லும். மெதுவாக அழுத்தினால் உண்டாகும் வெப்பம் வெளியே கசிய நேரம் கிடைக்கிறது, வேகமாக அழுத்தினால் கிடைப்பதில்லை. வெப்பம் சற்றும் வெளியேறாமல் காற்றைப் பாதி கன அளவுக்கு அழுத்தினால் அழுத்தம் இரண்டு மடங்காக நில்லாமல் ஏறக்குறைய 2.6 மடங்காகிவிடும். பெருக்கற்பலன் இப்போது மாறிலி அல்ல. கூடுவதும் குறைவதும் அப்படியே இருக்கின்றன, எதிர் மாறல் போய்விட்டது.

எது மாறாமல் இருக்கிறது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் மின்சாரம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களையும் தடுமாற வைக்கும் ஒரு முரண் அங்கே இருக்கிறது. ஓமின் விதிப்படி மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும். மின்திறன் வாய்பாட்டின்படி மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகி வருவது திறன், ஆகவே மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும். எது சரி? முதல் கூற்றில் மாறாமல் வைத்திருப்பது மின்தடை. இரண்டாவதில் மாறாமல் வைத்திருப்பது திறன். எந்தக் கருவி எதை மாறாமல் வைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் சரி.

லோ வோல்ட்டேஜ் வரும் கிராமத்தில் இந்த இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கலாம். வீட்டில் 230 வோல்ட்டில் 2,000 வாட் இழுக்கும் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது ஏறக்குறைய மாறாத மின்தடை கொண்ட ஒரு கம்பிச்சுருள். மின்னழுத்தம் 80 சதவீதமாக, அதாவது 184 வோல்ட்டாக இறங்கினால் மின்னோட்டமும் 80 சதவீதமாக இறங்கும். இரண்டும் பெருகிய திறன் 64 சதவீதமாகி 1,280 வாட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான், ஹீட்டருக்கு ஒரு கேடும் இல்லை. தோட்டத்தில் ஓடும் மும்முனை மோட்டாரின் நிலை வேறு. கிணற்றின் ஆழமும் தூக்க வேண்டிய தண்ணீரும் வோல்ட்டேஜுக்காக மாறுவதில்லை. பம்பு அதே சுமையைத்தான் கேட்கிறது. மோட்டார் தன் சுழற்சியைப் பெரிதும் விட்டுக்கொடுக்காமல் அந்தச் சுமையை இழுக்கப் பார்ப்பதால், 415 வோல்ட் 332 ஆக இறங்கும்போது மின்னோட்டத்தை ஏறக்குறைய 1.25 மடங்காக ஏற்றிக்கொள்கிறது. வழுக்கல், திறன் காரணி என்ற மோட்டாரின் வேறு இயல்புகளும் உள்ளே புகுவதால் இந்த எண் துல்லியமானதன்று, போக்கு சரி. சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இப்படி இரவெல்லாம் ஓடினால் காலையில் மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) கருகிய நாற்றம் வரும். காயில் கட்டும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் வோல்ட்டேஜைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே கம்பத்திலிருந்து வந்த ஒரே குறைந்த மின்னழுத்தம் ஹீட்டரில் மின்னோட்டத்தைக் குறைத்தது, மோட்டாரில் கூட்டியது. இரண்டையும் "வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டு என்ன ஆகும்?" என்ற ஒரே கேள்வியால் பிடிக்க முடியாது.

மோட்டாரைக் கெடுக்கும் இதே எதிர் மாறலைத்தான் மின் வாரியங்களும் மின்தொடரமைப்பு நிறுவனங்களும் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கின்றன. ஊருக்கு அனுப்ப வேண்டிய திறன் முடிவாகிவிட்டது என்றால், மின்னழுத்தத்தை எத்தனை மடங்கு ஏற்றுகிறோமோ அத்தனை மடங்கு மின்னோட்டம் இறங்கும். கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, இழப்பு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் கால் பங்காவதும் வர்க்கத்தோடு கூடிய எதிர் மாறல்தான், காரணம் மட்டும் வேறு: அங்கே ஒரே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிந்து மெலிகிறது.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகலூருக்கு வரும் நேர்மின்னோட்டத் தடம் 6,000 மெகாவாட் சுமக்கும்படி கட்டப்பட்டது. அதன் இரண்டு கம்பித் தொகுதிகளில் ஒன்று 800 கிலோவோல்ட் நேர்க்குறியிலும் மற்றது 800 கிலோவோல்ட் எதிர்க்குறியிலும் நிற்கின்றன; இடையிலுள்ள மின்னழுத்தம் 1,600 கிலோவோல்ட். 6,000 மெகாவாட்டை அதனால் வகுத்தால் முழுச் சுமையில் கம்பியில் ஓடும் மின்னோட்டம் 3,750 ஆம்பியர். இதே கம்பியில் இதே திறனைப் பாதி மின்னழுத்தத்தில் அனுப்பினால் 7,500 ஆம்பியர் ஓடும், வெப்ப இழப்பு 4 மடங்காகும்; கால் பங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் 15,000 ஆம்பியர், இழப்பு 16 மடங்கு. அப்படியானால் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். வளைவின் தட்டையான பகுதி இங்கேயும் குறுக்கே வருகிறது: இழப்பு ஏற்கெனவே சிறியதாகிவிட்ட நிலையில் மேலும் ஏற்றுவதால் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சம்தான், ஆனால் காப்பிடும் வட்டுகளின் நீளமும், கோபுரத்தின் உயரமும், கம்பிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். இந்தச் செலவும் அந்த மிச்சமும் சந்திக்கும் இடத்தைப் பார்த்துத்தான் ஒரு தடத்துக்கு எத்தனை கிலோவோல்ட் என்பதை முடிவு செய்கிறார்கள்.